சாயம் கழுவிய கண்ணாடித்தாள்

கையில் இருப்பது கண்ணாடித்தாளா, பிளாஸ்டிக்கா என்று சந்தேகம் வந்தால் கடைக்காரரைக் கேட்காதீர்கள். ஓரத்தில் ஒரு துண்டு கிழித்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். கண்ணாடித்தாள் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், வாசனையும் காகித வாசனைதான். செலோபேன் என்று சொல்லி விற்பதில் பெரும்பங்கு பிளாஸ்டிக். உண்மையான தாள் மரக்கூழிலிருந்து வருகிறது. மரத்தின் புத்தி அதை விட்டுப் போவதில்லை. தண்ணீரைக் கண்டால் குடிக்கும், ஊதும், தளரும். காய்ந்தால் இறுகும். முதல் நாள் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மீதியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். நான் இப்போது சொல்லப்போவது தாளைப் பற்றியது இல்லை, ஒரு காலை நேரத்தைப் பற்றியது.

நீங்கள் எல்லோரும் படித்துவிட்டு இந்தப் பட்டறைக்கு வந்திருக்கிறீர்கள். நான் செங்கம் பக்கத்தில் எட்டாவதோடு நின்றவன். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு கிடைத்தது, ஓட்டலில் மதியமும் இரவும் கிடைத்தது. அதனால் ஓட்டலுக்குப் போனேன். பிறகு லாரியில் கிளீனர். சூரத்தில் புடவை மடித்து, பளபளவென்று தாள் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் வேலை. அங்கே காய்ச்சலில் விழுந்து எழுந்தபோது வேலை இல்லை, ஊருக்கு வந்தேன். கொஞ்ச காலம் ஒரு நாடகக் குழுவில் விளக்குகளுக்குக் கலர்தாள் கட்டினேன். எதிலும் ஒட்டி நிற்கிற குணம் எனக்கு இல்லை. பேருந்து நிலையத்தில் படுப்பது பழகிவிட்டால் வீடு மாறுவது சுலபம்.

ஷாகிதாவைப் பார்த்தது அடி அண்ணாமலையில், ஒரு பௌர்ணமி அன்று. கிரிவலப் பாதையில் நான் அட்டைக் கண்ணாடி விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணுக்குச் சிவப்புத் தாள், மறு கண்ணுக்குப் பச்சை. குழந்தைகள் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்துச் சிரிக்கும். சில பெரியவர்கள் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல், கழற்றாமல், அப்படியே நின்றுவிடுவார்கள். மலை அவர்களுக்கு என்னவாகத் தெரிந்தது என்று நான் கேட்டதில்லை.

"அண்ணே, மொத்தமும் நான் எடுத்துக்குறேன்" என்றது ஒரு குரல்.

"எத்தன பசங்கம்மா உங்களுக்கு?"

"பசங்க இல்லண்ணே. அட்டைய நீங்களே வெச்சுக்குங்க. தாளு மட்டும் போதும்."

அவர்தான் ஷாகிதா. ஊரில் தலைமுறைகளாக வளையல், ரிப்பன், ஜரிகைச் சாமான் விற்கும் குடும்பத்துப் பெண். சென்னையில் துணி வடிவமைப்பு படித்துவிட்டு வந்து, செங்கம் சாலையில் ஒரு சந்தில் வீடு எடுத்து, கண்ணாடித்தாளை நாடா நாடாக வெட்டித் தறியில் குறுக்கு நூலாக, ஊடையாகக் கொடுத்து நெய்தால் என்ன வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நீள நூலான பாவு பட்டு, ஊடை கண்ணாடித்தாள். வெயிலில் பிடித்தால் துணி அல்ல, எரிகிற விளக்கு. நான் அன்றிலிருந்து அவருக்குச் சாமான் தூக்குகிறவன், ஏணி ஏறுகிறவன், துணியைத் தொங்கவிடுகிறவன்.

அவருடைய முதல் பெரிய வேலை சென்னையில் ஒரு ஓட்டல் முன்கூடத்தில் தொங்கியது. மழைக்காலம் வந்ததும் ஈரத்தைக் குடித்து, துவைத்துப் போட்ட துணி மாதிரி தொய்ந்துவிட்டது. காயட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. கிழித்துக் குப்பையில் போட்டார்கள். குப்பைத் தொட்டியில் கிடந்ததைப் படம் பிடித்து யாரோ பரப்பினார்கள். அதற்குப் பிறகு அவருக்கு ஒருவரும் சுவர் தரவில்லை. கடையில் வந்து உட்கார் என்று அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இன்னொரு வேலை கிடைத்து, அதுவும் நிற்கவில்லை என்றால் வீட்டைக் காலி செய்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். கடையில் உட்காருவது கேவலமில்லை. ஆனால் அவர் அதைச் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த இன்னொரு வேலையைக் கொடுத்தவர் ஏழுமலை. நிலம், அரிசி ஆலை எல்லாம் வைத்திருந்தவர், வேங்கிக்காலில் கல்யாண மண்டபம் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் அவருக்கு ஒரு துக்கம் தெரிந்தது. மேடைக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கூரை வரை பொறியாளர் வைத்த பெரிய கண்ணாடி ஜன்னல் வடக்குப் பார்த்து இருந்தது. இந்த ஊரில் ஜன்னல் என்று ஒன்று வைத்தால் மலை தெரிய வேண்டும்.

"மல அந்தப் பக்கம் இருக்குது, என் இன்ஜினீரு இந்தப் பக்கம் தொறந்து வெச்சிருக்கான்" என்று ஏழுமலை எங்களை நிற்க வைத்துப் புலம்பினார். "செல்போன் டவரையும் வாட்டர் டேங்கையும் பாத்துக்குனே தாலி கட்டுவானா மாப்ள? மூடுங்கம்மா அத. கலரு அள்ளணும். உள்ள வர்றவன் வாயப் பொளக்கணும்."

அவருக்குப் பெருமை முழுக்கத் தரையில்தான். கூடம் பூராவும் கறுப்பு கிரானைட் போட்டு, முகம் பார்த்துத் தலை சீவலாம் என்கிற அளவுக்கு மெருகு ஏற்றியிருந்தார். பேச்சுக்கு நடுவில் குனிந்து ஒரு தூசியை விரலால் எடுத்துப் போட்டார்.

நெய்யும் வேலையை ஆரணிப் பக்கத்தில் தனபால், வசந்தா என்ற கணவன் மனைவியிடம் ஷாகிதா கொடுத்தார். பட்டு நெய்கிறவர்கள். தனபால் தறி ஓட்டுவார், வசந்தா ஊடை நூலைத் தார் என்கிற சிறு குழலில் சுற்றிக் கொடுப்பார். மாதிரிக்குக் கொஞ்சம் நெய்தபோது நாடா அடிக்கடி அறுந்தது, ஆனால் நிறம் பிரமாதமாக வந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள். நாடாக் கட்டுகளை அவர்களிடம் ஒப்படைத்து, இதே மாதிரி, அறுகாமல் என்று சொல்லிவிட்டு வந்தார் ஷாகிதா.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் துணியை எடுத்துவர ஒரு வேனோடு நான் போனேன். தை மாதம், வானம் மூடியிருந்தது. வசந்தா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்கண்ணா. வந்து பாருங்க, ஒரு எடத்துல அறுந்துக்கல!"

தனபால் நீள நீளத் துண்டுச் சுருள்களில் ஒன்றைப் பிரித்தார். தண்ணீரை எடுத்துத் தறியில் போட்டு நெய்தது போல இருந்தது. முடிச்சு இல்லை, கிழிசல் இல்லை, ஓரம் நூல் பிடித்தது மாதிரி. நிறமும் இல்லை.

"கலரு எங்கம்மா?"

"அத ஏன் கேக்கறீங்க! எவனோ மேடத்த நல்லா ஏமாத்தி வித்துக்கிறான்" என்றார் வசந்தா. "காஞ்ச நாடா அறுந்து அறுந்து போவுதுன்னு, தார ஊற வெச்சு ஓட்டலாம்னு பாத்தோம். மொத தண்ணி ரத்தமாட்டம் போச்சு. சரி, புதுச் சாயம், ஜாஸ்தியா இருக்கறது போவட்டும்னு மாத்தி மாத்தி ஊத்துனோம். நிக்கவேயில்ல. நிக்காத சாயத்தோட நெய்ஞ்சு குடுத்தா நாளைக்குச் செவுத்துல ஒட்டும், வர்றவங்க பொடவைல ஒட்டும். மேடத்துக்குத்தான கெட்ட பேரு? அதான் தண்ணி தெளியற வரைக்கும் அலசிட்டோம்."

"எல்லாத் தாரும். கை மரத்துப்போச்சு" என்றார் தனபால், பெருமையாக.

இந்தத் தவறை வேறு யாரும் செய்ய முடியாது. வேலை தெரியாதவன் சாயத்தோடு அறுத்து அறுத்து நெய்திருப்பான். சாயம் ஓடுகிற துணியைக் கையால் கொடுக்கக் கூடாது என்று வாழ்கிறவர்கள்தான் உட்கார்ந்து, இடுப்பு நோக, அவ்வளவு நிறத்தையும் அலசிக் கொட்டுவார்கள். பின்கட்டில் துவைக்கிற கல்லைப் பார்த்தேன். அதன் குழியில் ஊதா படிந்திருந்தது. எங்கள் ஜன்னல் அங்கே இருந்தது.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். வந்தால் முதலில் வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிரில் நிற்பவர் உங்களுக்குத் தன்னால் முடிந்த நல்லதைச் செய்திருக்கிறார் என்றால், உங்கள் கோபம் போக வேண்டிய இடம் அங்கே இல்லை. நான் வெளியே வந்து ஷாகிதாவுக்குப் போன் செய்தேன். சொன்னேன். தெருவில் காய்கறி வண்டி போகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"கிழிஞ்சிருக்காண்ணே?"

"இல்லம்மா. நெசவு அப்படி ஒரு நெசவு."

"அப்ப எடுத்துனு வாங்க. அவங்க கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

ஆனால் அவர்கள் இருவரும் திறப்பு விழாவைப் பார்க்கக் கிளம்பி நின்றார்கள். வசந்தா நல்ல புடவை கட்டியிருந்தார், மாற்றுத் துணி ஒரு பையில். வேனில் ஏற்றிக்கொண்டேன். ஏழுமலையின் வாயால், நாலு பேர் முன்னால் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் தெரிந்துகொள்ளட்டும் என்று போளூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். ஷாகிதாவின் சொல்லை மீறியது அந்த ஒருமுறைதான், இப்போதும் மீறுவேன்.

வசந்தா ரோட்டைப் பார்த்தபடி கேட்டார். "அப்ப அந்தக் கலருதான் வேணுமா அவங்களுக்கு?"

"ஆமாம்மா."

"வண்டிய நிறுத்துங்க, நான் எறங்கிக்கறேன்" என்றார் தனபால்.

"எறங்கி எங்க போவ? ஒக்காரு. அவங்க மூஞ்சியப் பாக்க நான் ஒருத்தியாவா போறது?"

மண்டபத்தில் சாயங்கால வெளிச்சம் மங்கலாக இருந்தது. கடைசி வண்ணப்பூச்சு நடந்துகொண்டிருந்ததால் கிரானைட் மேல் முழுக்கத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஷாகிதா துணியை ஒரு முழம் பிரித்து, விரல்களுக்கு நடுவில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். பிறகு வசந்தாவைப் பார்த்தார். வசந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இவ்ளோ நல்லா நெய்ய முடியும்னு எனக்கே தெரியாதுக்கா" என்றார் ஷாகிதா. பொய் இல்லை அது. அதனால்தான் வசந்தா அழுதுவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஏழுமலைக்கு அந்த மென்மை எல்லாம் தேவைப்படவில்லை.

"ஏம்மா, கண்ணாடி ஜன்னலுக்குக் கண்ணாடித் துணியா? டவரு முன்னவிட பளிச்சுனு தெரியுதே!"

"சார், நெய்யும்போது..."

"நெய்யும்போது இன்னா ஆச்சோ எனக்கு வாணாம். கலருக்குத்தான உங்களக் கூப்ட்டேன்? காலைல ஹோமம் முடிஞ்சதும் அவுத்துருங்க. சீரியல் செட்டுக்காரன வரச் சொல்றேன். ஜன்னல் பூரா லைட்டு தொங்கவிட்டா முடிஞ்சுது."

"காலைல வரைக்கும் இருக்கட்டுங்க சார்."

"இருக்கட்டும். இருந்து இன்னா பண்ணப்போவுது?"

அவர் போன பிறகு ஷாகிதா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இப்போதே சுருட்டிக் கொண்டுபோய்விடலாமா என்று கேட்டார். நான் கட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். எனக்கு எந்த யோசனையும் இருக்கவில்லை. ஒரு பொருளை அது நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நாளைக்கு அவிழ்க்கப்போகிறோம் என்பதற்காக முடிச்சைத் தளர்த்தியாகப் போடவும் எனக்கு வராது.

கட்டினால் இன்னொரு சங்கடம். ஈரத்தோடு நெய்த நாடா காய்ந்து சுருங்கி, துணியின் அகலம் குறைந்திருந்தது. நேராகத் தொங்கவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் சரியாக வந்து நின்றது செல்போன் டவர். நீளம் மட்டும் தாராளமாக இருந்தது.

"சாச்சுப் போடறேம்மா. இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு, ஒண்ணு மேல ஒண்ணு. எடவெளி மூடிக்கும்."

"சாஞ்சா துணி ஒரு பக்கமா இழுக்கும்ணே."

"இழுக்கட்டும். டவராவது மறையுமில்ல?"

தனபால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இன்னொரு ஏணியில் ஏறினார். தறிக்காரர் கைக்குத் துணி எங்கே எவ்வளவு இழுபடும் என்று தெரிகிறது. நான் இழுத்த இடத்தில் எல்லாம் "கம்மி பண்ணுங்க, கம்மி பண்ணுங்க" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். முந்தானையைச் சரித்துப் போட்ட மாதிரி துண்டுகள் இரண்டு பக்கமிருந்தும் சாய்ந்து, ஒன்றையொன்று கடந்து, ஜன்னல் மூடியது. கீழே இறங்கிப் பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கலரில்லாத அழகு, கேட்டவர் கேட்டது அது இல்லை. இருட்டுவதற்குள் முடித்துவிட்டுக் கிளம்பினோம்.

காலையில் வானம் அலம்பி விட்டது போல இருந்தது. நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். ஷாகிதா துணியைச் சுற்றி எடுத்துப்போக ஒரு பழைய போர்வையோடு வந்திருந்தார். மண்டபத்தில் தார்ப்பாயை எல்லாம் எடுத்துத் தரையைக் கழுவித் துடைத்து முடித்திருந்தார்கள். மேடையில் ஹோமம் நடந்துகொண்டிருந்தது. உறவுக்காரர்கள் ஒருவர் இருவராக வந்துகொண்டிருந்தார்கள். சீரியல் செட்டுக்காரர் விளக்குச் சரங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தூணோரம் நின்றிருந்தார். நாங்கள் நால்வரும் பின்சுவரை ஒட்டி நின்றோம். பட்டு வேட்டியில் ஏழுமலை வாசலில் எல்லோரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். யாரையோ மேடை வரை கொண்டுவிட உள்ளே வந்தவர், பாதியில் நின்றார்.

"எவன்டா இது? எவன்டா என் கிரானைட்டுல கலரக் கொட்டுனது?"

மந்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது. ஏழுமலை தோள் துண்டை உருவிக்கொண்டு, பட்டு வேட்டியோடு மண்டி போட்டுத் தரையைத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துவிட்டுத் துண்டைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. தரையைப் பார்த்தார். அவர் தேய்த்த இடத்தில் ஒன்றுமில்லை, கலர் கொஞ்சம் தள்ளி இருந்தது. அங்கே நகர்ந்தார். அது இன்னும் தள்ளிப் போனது. எழுந்து நின்றார். முழுசாகத் திரும்பி வந்துவிட்டது.

"யோவ், இங்க வாய்யா! உனக்குத் தெரியுதா?" என்று அவர் அதட்டியது புரோகிதரை.

நாங்கள் சுவரை விட்டு முன்னால் வந்தோம். அப்போது எனக்கும் தெரிந்தது.

இத்தனை வருஷம் கலரோடு புழங்கியவன் நான். நாடக மேடையில் கலர் போட்டிருக்கிறேன், சூரத்தில் மலை மலையாகப் புடவை பார்த்திருக்கிறேன். கறுப்புத் தரைக்கு அடியில், ஆழத்தில், ஒரு ஜன்னல் எரிந்துகொண்டிருந்தது. மாதுளை முத்தின் சிவப்பு. அதை ஒட்டி இளம்பச்சை. மயில் கழுத்தில் வருமே, நீலமா ஊதாவா என்று தெரியாத ஒன்று. வெட்டிய நாடா ஒன்றன்மேல் ஒன்று ஏறின இடங்களில் எல்லாம் வேறு வேறு நிறம். துண்டுகள் கடக்கிற இடத்தில் தங்கமாகி, ஒரு அடி நகர்ந்தால் தாமரை நிறமாகியது. நாங்கள் வாங்கிக் கொடுத்தது சிவப்பும் நீலமும் மஞ்சளும்தான். தரையில் இருந்த பலவற்றுக்கு என்னிடம் பெயர் இல்லை. தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தேன். அங்கே கலரில்லாத துணி, பின்னால் வெறும் வானம். குனிந்தேன். அத்தனையும் இருந்தது. தூக்கினேன், இல்லை. குனிந்தேன், இருந்தது. மண்டபத்தில் இருந்த எல்லோரும் என்னை மாதிரியே தலையைத் தூக்குவதும் குனிவதுமாக இருந்தார்கள். வெளியிலிருந்து யாராவது பார்த்திருந்தால் ஏதோ புது வழிபாடு என்று நினைத்திருப்பார்கள்.

வசந்தா குந்தி உட்கார்ந்து, அந்தச் சிவப்பின் மேல் விரலை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஒட்டல" என்றார் தன் கணவரிடம், மிக மெதுவாக.

ஷாகிதாவின் கையிலிருந்த போர்வை கீழே விழுந்திருந்தது. அவருக்குத் தெரியும் இது என்ன என்று. புத்தகத்தில் படித்திருக்கிறார். வெளிச்சத்தை ஒரே வாட்டத்தில் விடுகிற வில்லைகள் இரண்டுக்கு நடுவில் வெறும் கண்ணாடித்தாளை வைத்து, உள்ளங்கை அளவுக்கு இந்தக் கலர்களை வரவழைத்தும் பார்த்திருக்கிறார். உலகத்தில் பல ஓவியர்கள் இதைக் கலையாகவே செய்கிறார்கள் என்றும் பின்னால் சொன்னார்.

"காலைல வடக்கு வானத்து வெளிச்சம் ஒரே வாட்டத்துல வருதுண்ணே, சீப்பு போட்டு வாருன மாதிரி" என்றார் என் காதோரம். "சாஞ்ச தாளு அத முறுக்குது. கருங்கல்லு அதுல ஒரு வாட்டத்த மட்டும் நம்ம கண்ணுக்குத் திருப்புது. நேரா தொங்கவிட்டிருந்தா வந்திருக்காது. சாயம் இருந்திருந்தா அதுவே எல்லாத்தையும் மறச்சிருக்கும்."

எனக்குப் பாதி புரிந்தது. இன்றைக்கும் பாதிதான். நீங்கள் படித்தவர்கள், முழுக்கப் புரிந்துகொள்வீர்கள். புரிந்த பிறகும் அந்தத் தரையைப் பார்த்தால் வாய் மூடாது, அதற்கு நான் பொறுப்பு.

ஏழுமலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். வேட்டியில் முழங்கால் இருக்கும் இடம் ஈரமாக இருந்தது.

"உங்க வேலையா?"

"எங்க வேலைதான் சார்" என்றார் ஷாகிதா.

"எப்பவும் இப்படி இருக்குமா?"

இளையவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சீரியல் செட்டுக்காரர் சரங்களை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. செங்கம் சாலை வீடு, தறி, இனி வரப்போகிற வேலைகள் எல்லாம் அந்த ஒரு சொல்லின் மேல் நின்றன. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லைங்க" என்றார் ஷாகிதா. "வெயிலு ஏற ஏற மாறிக்கினே இருக்கும். மதியத்துல மங்கிடும். மேகம் மூடுனா வராது, நேத்து மாதிரி வெறும் துணியாத்தான் தெரியும். மழைக்காலத்துல ஈரம் குடிச்சுத் தொய்யும். அசிங்கமா இருக்கும். அப்ப யாரும் வெட்டக் கூடாது, இழுத்துக் கட்டக் கூடாது. காஞ்சா தானா இறுகும். அதுவரைக்கும் பொறுக்கணும்."

அவர் பேசப் பேச எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது. சென்னை ஓட்டல்காரர்களிடம் அவர் சொல்லாமல் விட்டது இதுதான். இங்கே கேட்டதற்கும் மேலேயே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பொருளால் என்ன முடியும் என்று சொல்லத்தான் எல்லோரும் கற்றுக்கொள்கிறோம். என்ன முடியாது என்று, எல்லாம் கைகூடி வருகிற நேரத்தில், நிறுத்திச் சொல்ல அன்றைக்குத்தான் ஒருவரைப் பார்த்தேன்.

ஏழுமலை தரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். தனபால் என் கையைப் பிடித்திருந்தார், எப்போது பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

"முகூர்த்தம் எப்ப வெக்கறான்?" என்றார் ஏழுமலை, தன்னிடமே கேட்பது போல. "காலைலதான வெக்கறான். தாலி கட்டி முடிச்சா எவன் கூடத்துல நிக்கறான்? எல்லாம் பந்திக்கு ஓடிருவான். மதியத்துல கலரு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?"

அப்போது ஆட்கள் இரண்டு பேர், வந்தவர்கள் உட்காருவதற்காக ஒரு பெரிய சிவப்பு ஜமக்காளத்தைச் சுருளாகத் தூக்கிவந்து, கூடத்தின் நடுவில் வைத்து உருட்டப் போனார்கள். ஏழுமலை திரும்பிப் பார்த்தார். தன் மண்டபத்தில் அதுவரை யாரும் கேட்டிராத சத்தத்தில் கத்தினார்:

"டேய்! அங்க விரிக்காதீங்கடா!"